எழுபத்தைந்து செங்கல்

கரண்ட் போய்ப் பதினோரு மாதம் ஆன ஊரில் லிஃப்ட் மெக்கானிக்குக்கு என்ன வேலை என்று யாராவது கேட்கலாம். கேட்பதற்குத்தான் ஆள் இல்லை. இருந்திருந்தால் மெக்கானிக் சொல்லியிருப்பான்: "இப்பதான் சார் நெஜமான வேலையே. முன்னாடியெல்லாம் பட்டனை அமுக்கத் தெரிஞ்சவன் எல்லாம் மேல போனான்."

பதினோரு மாடிக் கட்டடம் அது. மூன்றாவது மாடியிலிருந்து ஆறாவது வரை படிக்கட்டு எரிந்து, இடிந்து, கம்பி மட்டும் நீட்டிக்கொண்டு நின்றது. இறங்க முடிந்தவர்கள் இடிவதற்கு முன்பே இறங்கிப் போய்விட்டார்கள். உச்சி மாடியில் மிஞ்சியது இரண்டே பேர். மெக்கானிக் ஒருவன், அவனுடைய ஒன்பது வயது மகள் ஒருத்தி. மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த பெயர் ஒன்று இருந்தது. ஆள் ஒல்லி, பேச்சு குத்தல். அதனால் வீட்டில் அவள் குண்டூசி. அவளுடைய அம்மா முதல் மாதத்துக் காய்ச்சலிலேயே போய்விட்டாள். படிக்கட்டு இல்லாமல் போனது ஒருவிதத்தில் நல்லதாகவே முடிந்தது. தெருவில் அலைகிறவர்கள் யாரும் மேலே ஏறி வர முடியாது. இவர்கள் கீழே போக வேண்டுமென்றால் லிஃப்ட் ஒன்றுதான் வழி.

கரண்ட் இல்லாமல் லிஃப்டா என்று கேட்டால், ஆமாம், லிஃப்ட்தான். மொட்டை மாடியில் மெஷின் ரூம், அதில் ஒரு பெரிய சக்கரம். சக்கரத்தின் மேல் போகிற கம்பிக் கயிற்றில் ஒரு பக்கம் கூண்டு தொங்கும், மறுபக்கம் இரும்பு எடை தொங்கும். சக்கரத்தை ஒரு பிரேக் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். பிரேக்கை விட்டால் கனமான பக்கம் இறங்கும், அவ்வளவுதான் விஷயம். கூண்டுக்குள் நாலு ஆளுக்கு மேல் எடை இருந்தால் கூண்டு இறங்கும், குறைந்தால் ஏறும்.

அதனால் தண்ணீருக்கு இறங்கும்போதெல்லாம் எழுபத்தைந்து செங்கல்லைக் கூண்டில் ஏற்ற வேண்டும். கல்லும் மெக்கானிக்கும் சேர்ந்தால் நாலு ஆளைத் தாண்டும், கூண்டு மெதுவாகக் கீழே போகும். அடித்தளத்தில் கல்லை இறக்கிப் போட்டுவிட்டு, அங்கே இருக்கிற நிலத்தடித் தொட்டியிலிருந்து ஒன்பது கேன் தண்ணீர் பிடித்து ஏற்றினால், அவனும் தண்ணீரும் சேர்ந்து நாலு ஆளுக்குக் கொஞ்சம் குறைவு. கூண்டு ஏறும். கல்லுக்கு எங்கே போவது? வீட்டுச் சுவர்தான். மாடியில் இருந்த நாலு வீட்டில் இரண்டு வீட்டின் உள்சுவர் இதுவரை தண்ணீராகிவிட்டது. காலையில் கண்ணைத் திறந்ததும் குண்டூசி கேட்பாள்: "அப்பா, இன்னிக்கு ஹாலைக் குடிக்கிறோமா, பெட்ரூமையா?"

பிரேக் அவள் பொறுப்பு. பிரேக்கின் கைப்பிடி வளர்ந்த ஆளுக்கே கனம். மெக்கானிக் அதில் ஒரு நீளமான இரும்புக் குழாயைச் செருகி வைத்திருந்தான். அவள் குழாயின் நுனியைப் பிடித்துத் தொங்கினால் பிரேக் விடும், காலைத் தரையில் ஊன்றினால் பிடித்துக்கொள்ளும். தொங்குவாள், ஊன்றுவாள், தொங்குவாள், ஊன்றுவாள். கூண்டு வேகம் எடுத்துவிடாமல் அப்படி விட்டுவிட்டுத்தான் ஓட்ட வேண்டும். கயிற்றில் மாடிக்கு ஒரு மஞ்சள் கோடும், உச்சிக்கும் அடித்தளத்துக்கும் சிவப்புக் கோடும் பெயிண்டில் போட்டிருந்தது. கோட்டைப் பார்த்தே கூண்டு எந்த மாடியில் நிற்கிறது என்று அவள் சொல்லிவிடுவாள்.

பேசிக்கொள்ள ஓர் இன்டர்காம் இருந்தது. மொட்டை மாடியில் காய்கிற சின்ன சோலார் தகடு அதற்கு உயிர் கொடுத்தது. கூண்டுக்குள்ளேயும் பக்கத்திலேயும் பேசுவது எல்லாம் மேலே கேட்கும். மேலே இருப்பவள் பொத்தானை அமுக்கினால்தான் அவள் பேசுவது கீழே கேட்கும்.

பேச்சு என்றால் பெரிய பேச்சு ஒன்றும் இல்லை. லிஃப்ட் வேலைக்காரர்களுக்கு இரண்டே வார்த்தை. 'விடு' என்றால் பிரேக்கை விடு. 'பிடி' என்றால் பிடி. கயிற்றில் ஆள் இருக்கும்போது வேறு எந்த வார்த்தையும் வாயிலிருந்து வரக் கூடாது, வந்தால் யாராவது ஒருத்தன் போய்ச் சேருவான் என்று, தொழிலுக்கு வருகிற பையன்களிடம் இருபது வருடம் தொண்டை கிழியக் கத்தியவன் இந்த மெக்கானிக். அப்படிப்பட்டவன் வாய்தான் அன்றைக்குக் கெட்டது.

அன்று இறங்க வேண்டிய நாளே இல்லை. கடைசிக் கேனில் இன்னும் மூன்று நாளைக்குத் தண்ணீர் இருந்தது. மழை பெய்து இரண்டு மாதம்; மொட்டை மாடித் தொட்டியில் பாசிகூடக் காய்ந்துவிட்டது. குண்டூசி இடிந்த சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகத் தாண்டித் தாண்டிக் குதித்துக்கொண்டிருந்தாள். கால் இடறிக் கேன் மேல் விழுந்தாள். மூடி தெறித்தது. மெக்கானிக் ஓடி வருவதற்குள் தரை எல்லாவற்றையும் குடித்துவிட்டது.

அவன் அடிக்கவில்லை. அடித்திருந்தால்கூடத் தேவலை. வாய்க்கு வந்ததைச் சொன்னான்.

"நீ மட்டும் இல்லன்னா நான் எப்பவோ தப்பிச்சுப் போயிருப்பேன்டி!"

அதில் பொய் இல்லை என்பதுதான் கொடுமை. முதல் மாதத்தில் ஒரு லாரி வந்தது. தூரத்தில் எங்கேயோ தண்ணீரும் கூரையும் இருக்கிற இடத்துக்கு ஆளை ஏற்றிக்கொண்டு போனது. மெக்கானிக், வெல்டர், எலக்ட்ரீஷியன் என்றால் கையைப் பிடித்துத் தூக்கி ஏற்றினார்கள். பிள்ளைகளை மட்டும் ஏற்றவில்லை. அவன் லாரியில் வைத்த காலை எடுத்துவிட்டு வீட்டுக்குத் திரும்பி வந்தான். தன் வாழ்நாளில் அவன் செய்த நல்ல காரியங்களில் முதலாவது அதுதான், அதை அவளிடம் அவன் சொன்னதே கிடையாது. சொல்லாமல் வைத்திருந்ததைக் கடைசியில் குற்றப் பத்திரிகையாகப் படித்துவிட்டான்.

எதற்கும் பதில் வைத்திருக்கிற பிள்ளை வாயைத் திறக்காமல் போய்க் கூண்டில் கல் ஏற்ற ஆரம்பித்தாள். இருவருமாக ஏற்றினார்கள். அடுத்த தடவைக்கான எழுபத்தைந்து கல் கதவோரம் எப்போதும்போல அடுக்கித் தயாராக இருந்தது. பிறகு அவள் மெஷின் ரூமுக்கு ஏறிப் போனாள். அவன் கூண்டுக்குள் நின்று, "விடு" என்றான். கூண்டு குலுங்கிக் குலுங்கிக் கீழே போனது.

அடித்தளத்தில் முன்பு கார்கள் நின்றன. இப்போது நாலைந்து கார்களின் எலும்புக்கூடும், இதுவரை அவன் இறக்கிப் போட்ட செங்கல் குவியலும்தான். தெருவிலிருந்து இறங்கி வருகிற சரிவின் வழியாக உச்சி வெயில் கொஞ்சம் உள்ளே விழுந்திருந்தது. அவன் வெயில் நேரத்தைத்தான் பார்த்து இறங்குவான். அந்த நேரத்தில் தெருவில் ஈ காக்கை இருக்காது. கூண்டின் கிராதிக் கதவைத் திறந்து கொஞ்ச நேரம் காதைக் கொடுத்தான். சத்தம் இல்லை. கல்லை எல்லாம் இறக்கினான். லிஃப்டுக்குப் பத்தடி தள்ளி இருந்த தொட்டி மூடியை நகர்த்தி, வாளியை விட்டு இறைத்து, துணியில் வடிகட்டி ஒன்பது கேனையும் நிரப்பினான். ஒவ்வொன்றாகத் தூக்கிக் கொண்டுபோய்க் கூண்டில் வைத்தான். நாலு வைத்தாயிற்று. ஐந்தாவதைத் தூக்கும்போது கூண்டுக்குள் இன்டர்காம் கரகரத்தது.

"அப்பா."

வேலை நேரத்தில் அவள் அழைக்கவே கூடாது. மெக்கானிக் கேனைக் கீழே வைத்துவிட்டு அங்கிருந்தே குரல் கொடுத்தான்.

"என்ன?"

"என் மேல கோவமா?"

மூக்கடைத்த குரல். இத்தனை நேரம் அழுதிருக்கிறாள். காலையிலிருந்து அவன் நெஞ்சில் கிடந்த கல் ஒன்று புரண்டது.

"இல்லம்மா."

"நான் வேணும்னு கொட்டலப்பா."

"தெரியும்டி கண்ணு."

"இனிமே குதிக்கவே மாட்டேன். சத்தியமா. நான் ஒரு ஓரமா உக்காந்துக்கறேன்."

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல. சரி, விடு."

சொல்லிவிட்டுக் கேனைத் தூக்கக் குனிந்தான். குனிந்தவனுக்குக் கம்பிக் கயிறு முனகுவது கேட்டது. நிமிர்ந்து பார்ப்பதற்குள் கூண்டின் தரை அவன் முழங்கால் உயரத்துக்குப் போயிருந்தது.

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை என்பார்களே, அது ஒரே ஒரு நொடிதான். அந்த ஒரு நொடி போதும். நாலு கேன் என்பது ஒன்றரை ஆள் எடைகூட இல்லை. மறுபக்கத்து இரும்பு தடதடவென்று இறங்க, கூண்டு பிய்த்துக்கொண்டு ஏறியது. அவன் ஓடிப் போய் விளிம்பைப் பிடிக்கப் பார்த்தான். விரல் நுனி பட்டது. அதற்குள் கூண்டு கதவின் மேல்விளிம்பைத் தாண்டி இருட்டுக்குள் போய்விட்டது.

"பிடி! பிடி! குண்டூசி, பிடிடி!"

அவன் குரலைக் கேட்கிற இன்டர்காம் கூண்டோடு போய்க்கொண்டிருந்தது. சுவருக்குச் சுவர் மோதிய கத்தல் வெறும் சத்தமாக மட்டும் மேலே போனது. அவனுக்கு மேலே கூண்டு ஓடியது, நின்றது, ஓடியது, நின்றது. பிள்ளை கோட்டைப் பார்த்துப் பார்த்து அழகாக ஓட்டினாள். அப்பாவுக்குக் கோபம் போய்விட்டது என்ற சந்தோஷத்தில் தொங்கியிருப்பாள், பாவம். அவள் இவ்வளவு ஒழுங்காக அதற்கு முன் ஓட்டியதே இல்லை. உச்சியில் கூண்டு நின்ற சத்தம் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து, அவள் மெஷின் ரூமிலிருந்து இறங்கி வந்து மாடியின் கிராதியை இழுத்துத் திறக்கும் சத்தமும் லேசாகக் கேட்டது.

அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

அவள் பார்ப்பது என்ன என்பது, பக்கத்தில் நின்று பார்ப்பதுபோல அவனுக்குத் தெரிந்தது. திறந்த கூண்டு. நாலு கேன் தண்ணீர். அப்பா இல்லை. காலையில் அப்பா என்ன சொன்னான்? நீ இல்லையென்றால் எப்போதோ தப்பித்திருப்பேன் என்றான். மத்தியானம் கோபம் இல்லை என்றான், விடு என்றான், தண்ணீரை மேலே அனுப்பினான். ஒன்பது வயதுப் பிள்ளை இதைக் கூட்டிப் பார்த்தால் வேறு என்ன விடை வரும்? விட்டுவிட்டுப் போய்விட்டான் என்றுதான் வரும்.

அப்படி அவள் நினைத்துவிட்டால் கூண்டு இறங்காது. கூண்டு இறங்காவிட்டால் அவன் மேலே போக வேறு வழி இல்லை, அவள் கீழே வரவும் வழி இல்லை. நாலு கேன் தண்ணீர் ஒரு பிள்ளைக்கு எத்தனை நாள் வரும் என்று அவன் மனம் தானாகக் கணக்குப் போட்டது. போடாதே என்று அதட்டினான். அது போட்டு முடித்துவிட்டது.

லிஃப்ட் வழிக்குள் தலையை நீட்டி இன்னொரு முறை கத்தினான். "குண்டூசி! கல்லைப் போட்டு எறக்குடி! அப்பா இங்கதான்டி இருக்கேன்!" மூன்றாவது முறை கத்த மூச்சை இழுத்தபோது, சரிவின் பக்கம் ஒரு சக்கரம் கிறீச்சிடும் சத்தம் கேட்டது. இழுத்த மூச்சை அப்படியே விழுங்கிக்கொண்டு ஒரு காரின் பின்னால் போய்ப் படுத்தான்.

இரண்டு பேர். மார்க்கெட்டில் சாமான் தள்ளுகிற கம்பி வண்டி ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஒருவனுக்கு நெஞ்சு வரை தாடி. இன்னொருவன் கையில் ஒரு கடப்பாரை. தொட்டிக்குப் பக்கத்தில் வரிசையாக நின்ற ஐந்து கேன்களைப் பார்த்ததும் தாடிக்காரன் நின்றுவிட்டான்.

"பார்றா, நமக்காக ரொப்பியே வெச்சிருக்காங்க."

"ரொப்பினவன் எங்க?" என்றான் கடப்பாரைக்காரன். "இப்ப ஒரு சத்தம் கேட்டுச்சே."

"எனக்கு ஒண்ணும் கேக்கல."

"உனக்கு எப்ப என்ன கேட்டுது?"

கடப்பாரைக்காரன் நாலா பக்கமும் பார்த்தான். ஈரத் தரையில் காலடித் தடம் லிஃப்டைப் பார்க்கப் போயிருந்தது. அதன் பின்னாலேயே போய்த் திறந்த கதவுக்குள் எட்டிப் பார்த்தான்.

மெக்கானிக் காரின் பின்னால் கண்ணை மூடிக்கொண்டான். கூண்டு இறங்கி வர வேண்டும் என்று இத்தனை நேரம் துடித்துக்கொண்டிருந்தவன், இப்போது இறங்காதே, இறங்கிவிடாதே என்று உள்ளுக்குள் கெஞ்சினான். இந்த இரண்டு பேரும் பார்க்க, கூண்டு சாவகாசமாக இறங்கி வந்து நின்றால் போதும். மேலே ஆள் இருப்பது தெரிந்துவிடும். அந்த ஆள் ஒரு சின்னப் பிள்ளை என்பது அவள் "அப்பா" என்று ஒருமுறை கூப்பிட்டாலே தெரிந்துவிடும்.

"உள்ள எவனாவது இருப்பானோ?" என்றான் கடப்பாரைக்காரன்.

"லிஃப்ட்டு நின்னு ஒரு வருஷம் ஆச்சு. உள்ள இருக்கறவன் எலும்பாத்தான் இருப்பான். அவனுக்குத் தண்ணி வேணாம். வா, தூக்கு."

ஐந்து கேனையும் வண்டியில் ஏற்றினார்கள். மெக்கானிக்கின் வாளியையும் கயிற்றையும் கூடவே எடுத்துக்கொண்டார்கள். சரிவில் வண்டி ஏறவில்லை. ஒருவன் தள்ள, ஒருவன் இழுக்க, ஒருவரையொருவர் திட்டிக்கொண்டே ஏறிப் போக யுகம் ஆனது. தண்ணீர் போனதே என்று மெக்கானிக்குக்குத் தோன்றவே இல்லை. சீக்கிரம் போய்த் தொலையுங்களேன் என்று மட்டும்தான் இருந்தது.

அவர்கள் போன பிறகும் அவன் அசையவில்லை. பிறகு எழுந்து லிஃப்ட் வழியில் போய் நின்று மேலே பார்த்தான். இருட்டு. அதில் கூண்டின் அடிப்பாகம் நகத்தளவு தெரிந்தது. கத்தலாம் என்றால், போனவர்கள் தெருமுனையைத் தாண்டியிருக்க மாட்டார்கள். கத்தாவிட்டால் அவளுக்குத் தெரியாது. இரும்புத் தூணைக் கல்லால் தட்டலாமா என்று கல்லைக் கையில் எடுத்தான், வைத்தான், மறுபடி எடுத்தான். தரையில் விழுந்திருந்த வெயில் சாய்ந்து சாய்ந்து மூன்றாவது காரின் கதவுக்குப் போய்விட்டது. ஒருமுறை மேலே ஏதோ உரசும் சத்தம் கேட்டது போலிருந்தது. காதைக் கொடுத்தால் ஒன்றுமில்லை.

வண்டிக்காரர்கள் நிஜமாகவே தொலைந்தார்களா என்று பார்த்துவிட்டு வந்து கத்தலாம் என்று முடிவுசெய்தான். சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு சரிவில் ஏறி, அதன் வாயில் போய் நின்றான்.

தெரு காலியாக இருந்தது. நேராக, அகலமாக, தடை ஒன்றும் இல்லாமல் கிடந்தது. அந்தத் தெருவை அவன் பத்து மாதமாக உச்சியிலிருந்துதான் பார்த்திருக்கிறான். தரையில் நின்று பார்த்தால் அது எங்கேயோ போகிற தெருவாகத் தெரிந்தது. கையில் சுமை இல்லை. கூட ஆள் இல்லை. காலுக்குச் செருப்பு இருந்தது. அந்த நினைப்பு அப்போது வந்தது. வரவில்லை என்று சொன்னால் பொய். வந்ததற்காக அவனைக் கரித்துக் கொட்டுகிறவர்கள், குடிக்கிற தண்ணீருக்காகத் தன் வீட்டுச் சுவரை இடித்துப் பார்த்துவிட்டு வந்து பேசட்டும். அவன் ஓர் அடிகூட எடுத்து வைக்கவில்லை. ஆனால் தெருவைப் பார்த்து முடித்த பிறகும், நிற்க வேண்டிய நேரத்தைவிட ஒரு நிமிடம் கூடுதலாக அங்கே நின்றான்.

அந்த ஒரு நிமிடத்தில்தான் பின்னால் கம்பிக் கயிறு முனகியது.

அவன் திரும்பி ஓடினான். சரிவில் கால் வழுக்கி விழுந்து, முழங்கை கிழிந்து, எழுந்து ஓடினான். கூண்டு வந்து நின்றிருந்தது. ஒரு விரல்கடைகூட ஏறி இறங்காமல் தரைமட்டத்துக்குச் சரியாக நின்றிருந்தது. இன்டர்காமில் அவள் ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்தாள். முன்பே எழுதி வைத்துப் படிப்பதுபோல, அழாமல், தெளிவாகப் பேசினாள்.

"...கூப்பிட்டுப் பாத்தேன், நீ பேசல. நீ போயிருப்பேன்னு நினைக்கறேன். போகலன்னா எடுத்துக்கோப்பா. உன் டூல்ஸ் பை வெச்சிருக்கேன். அது இல்லன்னா உன்னை யாரும் சேத்துக்க மாட்டாங்க. போர்வை, கண்ணாடி, உன் ஷூ எல்லாம் இருக்கு. பிஸ்கட் டின்ல பாதி இருக்கு. தண்ணி ரெண்டு கேன் உனக்கு, ரெண்டு கேன் எனக்கு. கல்லு எழுபத்தஞ்சும் நானே போட்டேன். நீ இல்லாம எறங்குமான்னு பயமா இருந்துச்சு. உன் சாமானையும் போட்டதும் உன் வெயிட்டு வந்துடுச்சு."

மெக்கானிக் மூச்சு வாங்கினான். கிராதியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அப்புறம், ஒரு சட்டையை மட்டும் நான் எடுத்துக்கிட்டேன்பா. அந்தக் கட்டம் போட்டது. அது உனக்கு வேணும்னா சொல்லு, அனுப்பிடறேன்."

பொத்தானை விட்ட 'டக்' சத்தம் கேட்டது. அவள் காத்துக்கொண்டிருக்கிறாள்.

மெக்கானிக் கூண்டுக்குள் கால் வைத்தான். அழுவதை அவள் கேட்கக் கூடாது என்று கையால் வாயைப் பொத்தினான். பொத்தினாலும் கேட்கும், அந்த இன்டர்காமைப் பழுது பார்த்து வைத்தவனே அவன்தானே. கையை எடுத்தான்.

"குண்டூசி."

இன்டர்காமுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோனான்.

"நான் போகலடி. நான் தண்ணி தூக்கிட்டிருந்தேன். லிஃப்ட்டு என்னை விட்டுட்டு வந்துடுச்சு. அப்பா வாய்தான் தப்பு. அழாதேன்னு சொல்ல வந்தவன் வேற வார்த்தை கெடைக்காம அதைச் சொல்லித் தொலைச்சேன்."

'டக்.' பொத்தான் அமுங்கியது. அவளுடைய மூச்சு மட்டும் வந்தது. பிறகு பொத்தான் விடுபட்டது. மறுபடியும் அமுங்கியது.

"காலைல சொன்னது?"

மெக்கானிக்குக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை. ஒரு நிமிடத்துக்கு முன்னால் அவன் எங்கே நின்றிருந்தான் என்பது அவனுக்குத் தெரியும்.

"அது தப்பும்மா. அப்படிச் சொல்லியிருக்கவே கூடாது. நான் மேல வரணும்டி."

"எதுக்கு?"

அந்தக் கேள்வியில் கோபம் இல்லை, குத்தல் இல்லை. தெரிந்துகொள்வதற்காகத்தான் கேட்டாள். சாமான் வந்துவிட்டது, பாதித் தண்ணீர் வந்துவிட்டது, தெரு திறந்து கிடக்கிறது. இன்னும் எதற்கு மேலே வர வேண்டும்? மெக்கானிக் அழகாக ஏதாவது சொல்லலாம் என்று தேடிப் பார்த்தான். ஒன்றும் அகப்படவில்லை.

"எனக்கு வேற போக்கிடம் இல்லடி," என்றான். "இருந்தாலும் எனக்கு வேணாம்."

அவள் யோசித்தாள். பொத்தான் அமுங்கியே இருந்தது. மெஷின் ரூமில் காற்று தகரத்தை ஆட்டுகிற சத்தம் கீழே வரை வந்தது.

"அப்ப கல்லை எல்லாம் எறக்கணும்," என்றாள் கடைசியில். "தண்ணிய எறக்கிடாத."

"சரிம்மா."

"மெதுவாப் போடு. சத்தம் கேட்டா யாராவது வந்துடுவாங்க."

"சரிம்மா. நீ அங்கேயே உக்காந்திரு. குழாயைத் தொடாத. எல்லாம் எறக்கிட்டு நானே கூப்பிடறேன்."

மெக்கானிக் குனிந்து மேல் அடுக்கிலிருந்து முதல் கல்லை எடுத்தான். கையில் ஏதோ பிசுபிசுத்தது. முழங்கைக் காயம்தான் ஒழுகுகிறதோ என்று பார்த்தான்; அது புழுதி அப்பி உலர்ந்திருந்தது. கல்லை வெளிச்சத்தில் பிடித்தான். இரண்டு ஓரத்திலும், ஒரு சின்னக் கை பிடிக்கிற அகலத்தில், ரத்தம் இருந்தது. அடுத்த கல்லிலும் இருந்தது. அதற்கடுத்ததிலும் இருந்தது. கடைசியாக ஏற்றிய கல்தானே மேலே இருக்கும். அவன் ஒவ்வொன்றாக எடுத்து, சத்தம் வராமல், குழந்தையைப் படுக்க வைப்பதுபோல வெளியே அடுக்கினான். நாற்பது கல் எடுத்த பிறகுதான் சுத்தமான கல் வந்தது.